காந்தல்லூர் கிராமப் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வெட்டிவிடலாம்

உடுமலையிலிருந்து ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டி மலையேறினால் சின்னாறு, மறையூர், கோவில்கடவு, அப்புறம் காந்தல்லூர். மறையூர் வரைக்கும் சுமார் 45 கிலோமீட்டர், அங்கிருந்து காந்தல்லூருக்கு இன்னும் 15. இடுக்கி மாவட்டம், கேரள நிர்வாகம், கடைப் பலகையெல்லாம் மலையாளம். ஆனால் பூண்டுப் பாத்தியில் குனிந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் தமிழில்தான் பதில் வரும். மறையூர், காந்தல்லூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊரையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது.

2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தல்லூருக்குத் தங்கப் பிரிவில் இடம் கிடைத்தது. இப்போது ‘கிராம வாழ்க்கை அனுபவம்’ என்று போடாத ஹோம்ஸ்டே விளம்பரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே பார்க்கப்போவது குறிப்பிட்ட ஒரு விடுதியை அல்ல. மறையூரிலும் காந்தல்லூரிலும் பரவலாக விற்கப்படும் இரண்டு பகல், ஓர் இரவுப் பேக்கேஜை. ஆளுக்கு ஆள் பெயர் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்று: மறையூர் முனியறை, கரும்பாலை, பூண்டு வயல், பழத்தோட்டம், இரச்சில்பாறை அருவி, ஜீப்பில் ஒரு காட்சிமுனை, இரவில் கேம்ப்ஃபயர், மறுநாள் காலை இட்லி அல்லது புட்டு, பிறகு டாட்டா.

முதல் குறை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. முதல் நாள் மதியம் வந்து இறங்குகிறவரை மறுநாள் மதியத்துக்குள் ஐந்தாறு இடம் காட்டி அனுப்ப வேண்டுமென்றால், இடத்துக்கு 20 நிமிடம்தான் தேறும். மலைப்பாதையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகவே அரைமணி நேரம் ஆகும். கணக்குப் போட்டால் பாதி ‘கிராம அனுபவம்’ ஜீப்பின் பின்சீட்டில்தான் நடக்கிறது. பேக்கேஜில் உள்ள எட்டில் இரண்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடச் சொல்வதுதான் எங்கள் யோசனை. அந்த இரண்டு, கரும்பாலையும் பூண்டு வயலும்.

கரும்பாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘மறையூர் சர்க்கரை’ என்று பலகையில் பார்த்துவிட்டு வெள்ளைச் சர்க்கரை என்று நினைத்துத் தாண்டிப்போகும் நம்மூர்க்காரர்கள் உண்டு. மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். இது உருண்டை வெல்லம், கருத்த காப்பி நிறம், 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆலை என்றதும் புகைபோக்கிக் கட்டடம் தேட வேண்டாம். கரும்புக் காட்டின் நடுவில் தகரமோ ஓலையோ போட்ட கொட்டகை, ஓரத்தில் மூன்று உருளை இயந்திரம், நடுவில் குழியடுப்பின் மேல் பெரிய கொப்பரை, சுற்றிலும் காயப்போட்ட சக்கை. அவ்வளவுதான்.

பேக்கேஜில் வருகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் சாறு கொதிக்கிற காட்சி, இல்லாவிட்டால் உருட்டி முடித்து அடுக்கிய உருண்டை. இரண்டையும் பார்த்து ஒன்றும் புரியாது. ஒரு கொப்பரை ஏறி இறங்க மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். அதில் பார்க்க வேண்டியது கடைசி முக்கால் மணி. ஆலைக்காரரிடம் ‘இப்ப என்ன பதத்துல இருக்கு, எப்ப இறக்குவீங்க’ என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுப் போகிற வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி. கேட்காமல் ‘போனா பாத்துக்கலாம்’ என்கிறவரை நம்பிப் போனால் வெறும் சக்கை மேடும் அணைந்த அடுப்பும் காத்திருக்கும்.

நடப்பது இப்படி. சாற்றை வடிகட்டிக் கொப்பரையில் விட்டதும் காய்ந்த சக்கையாலேயே தீ மூட்டுவார்கள். சூடேறும்போது சுண்ணாம்புத் தண்ணீர் சேர்ப்பார்கள். அது சாற்றின் புளிப்பை அடக்கி அழுக்கைத் திரட்டி மேலே கொண்டுவரும். நீளக் கைப்பிடி போட்ட அரிப்பால் அந்த அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே சோம்பல்பட்டால் வெல்லத்தில் கசடும் கசப்பும் தங்கும். சுண்ணாம்பு கூடிவிட்டாலும் கெடுதல்தான், நிறம் இருண்டு நாக்கில் கார வாடை தட்டும். தண்ணீர் சுண்டச் சுண்ட நுரை வெள்ளையிலிருந்து பொன்னிறத்துக்கு வரும், சத்தமும் மாறும். ஆரம்பத்தில் சலசலவென்று கொதித்தது, பாகு தடித்த பிறகு பெரிய குமிழாக ‘பொத் பொத்’ என்று வெடிக்கும். அடுப்பு வாயில் உட்கார்ந்து சக்கை தள்ளுகிறவர் கொப்பரையைப் பார்ப்பதேயில்லை, அந்தச் சத்தத்தை வைத்தே தீயைக் குறைப்பார்.

பதம் பார்ப்பது ஒரு சொம்புத் தண்ணீரில். துளிப் பாகை அதில் விட்டு விரலால் உருட்டினால் கரையாமல் திரள வேண்டும், திரண்டதைச் சொம்பின் விளிம்பில் தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். வழவழவென்று ஒட்டினால் இன்னும் கொஞ்சம் போகணும் என்று அர்த்தம். இரண்டு நிமிடம் முந்தினால் உருண்டை பிடிக்காது, மழைக்காலத்தில் வியர்த்துக் கசியும். இரண்டு நிமிடம் பிந்தினால் தீய்ந்த வாடையும் கசப்பும் ஏறிவிடும். பதம் வந்ததும் கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றித் துடுப்பால் கிண்டுவார்கள். பாகு மங்கிக் கெட்டிப்படத் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சுற்றி உட்கார்ந்த எல்லோரும் சுடச்சுட அள்ளி உருட்டியாக வேண்டும். ஆறிவிட்டால் உருட்ட வராது, பொடிந்துவிடும். உருண்டை மேல் விரல் பதிந்த தடம் அப்போது விழுவதுதான். வருகிறவர்களையும் ஓர் உருண்டை பிடித்துப் பார்க்கச் சொல்வார்கள். கை பொறுக்காது. முதலில் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு அள்ள வேண்டாம், ஈரம் பட்ட உருண்டை பூசணம் பிடிக்கும். குழந்தைகளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். பாகுச் சூடு கொதிநீரைவிடக் கூடுதல், தோலில் ஒட்டிக்கொண்டால் உரித்துக்கொண்டுதான் வரும்.

மறையூர் மழைமறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழையைக் கிழக்கே இறங்கவிடாமல் மலை தடுத்துவிடுவதால் மூணாறு நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே தூறலோடு நிற்கும். கரும்பு வெவ்வேறு வயலில் வெவ்வேறு மாதம் வெட்டுக்கு வருவதால் எங்காவது ஓர் ஆலை ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் சக்கை காயாது, அடுப்பு எரியாது. அந்த மாதங்களில் ‘கரும்பாலை விசிட்’ என்று எழுதியிருந்தால் அதற்கான பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.

பணம் என்றதும் ஒன்று. பேக்கேஜில் ‘ஆலை நுழைவு’ என்று தனியாகக் கட்டணம் போட்டிருந்தால், அது ஆலைக்காரர் கைக்குப் போகிறதா என்று நேராகக் கேளுங்கள். பல கொட்டகைகளில் யார் வந்து பார்த்தாலும் காசு வாங்குவதில்லை. போகிறபோது இரண்டு கிலோ வாங்கினால் அவர்களுக்கு அதுவே சந்தோஷம். ரோட்டோரக் கடையில் வாங்குவதைவிட இங்கே வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெளியூர் மலிவு வெல்லத்தை ‘மறையூர்’ என்று விற்பது பழைய வியாபாரம். மஞ்சளாகப் பளபளக்கும் உருண்டையை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டு வெளுத்ததால் வருவது. நல்ல மறையூர் வெல்லம் கருமையாக இருக்கும், எல்லா உருண்டையும் ஒரே அளவில் இருக்காது, வாயில் கரைந்தபின் அடிநாக்கில் உப்புக் கரிக்காது. வீட்டில் காகிதத்தில் சுற்றி ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் ஆடி மாதத்துக்குள் கூழாகிவிடும்.

இனி பூண்டு. காந்தல்லூர், வட்டவடை வெள்ளைப்பூண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னது, காரமும் எண்ணெய்ப் பசையும் கூடுதல். இங்கிருந்து வடுகபட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போகிற சரக்குதான். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், தட்டுத் தட்டாக வெட்டிய சரிவில் இரண்டு போகம் வைக்கிறார்கள். ஒரு போகம் ஓணத்தை ஒட்டி அறுவடைக்கு வரும். விருந்தாளியிடம் ‘பூண்டு பிடுங்குங்க, போட்டோ எடுத்துக்கங்க’ என்பார்கள். தாள் பழுத்துச் சாய்ந்த செடியாக இருந்தால் சரி. பச்சையாக நிமிர்ந்து நிற்பதைப் பிடுங்கினால் உள்ளே பல் பிரிந்திருக்காது, விவசாயிக்கு ஒரு விதைப்பல் நஷ்டம். கேட்டுவிட்டுத் தொடுங்கள். பேக்கேஜ்காரர் வயல்காரரிடம் பேசி வைத்திருக்கிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பிடுங்குவதைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் சுவாரசியம். மண்ணை உதறி, தாளோடு நிழலில் உலர்த்தி, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பிடிபிடியாகக் கட்டுவார்கள். தாளை நறுக்கிவிட்டால் கழுத்து வழியாக ஈரம் இறங்கி அழுகும், அதனால் தாளோடு கட்டுவது. விதைக்கு எடுத்துவைக்கிற கட்டுகள் அடுப்புக்கு மேல் பரணில் புகை படும்படி தொங்கும். புகை ஏறிய தோல் பழுப்பாகி, பூச்சியும் பூசணமும் அண்டாமல் அடுத்த நடவு வரை தாங்கும். இந்தக் கட்டும் வேலையில் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்தால், விலை, விதை, யானை, மகனின் திருப்பூர் வேலை என்று ஊர் முழுக்கக் காதில் விழும். எந்தப் பேக்கேஜ் அட்டவணையிலும் இது கிடையாது, ஏனென்றால் கட்டும் நேரம் மாலை ஐந்து மணி, அந்நேரம் எல்லோரும் ஜீப்பில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போயிருப்பார்கள். அறை பதிவு செய்யும்போதே ‘சாயங்காலம் ஜீப் வேண்டாம், பூண்டு கட்டுற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லிவிடலாம். ஊரில் பழக்கமுள்ள ஆள் நடத்தும் இடமென்றால் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் காரணம் புரிந்துவிடும்.

பழத்தோட்டத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஆப்பிள் ஜூலை, ஆகஸ்டில்தான். பிளம்ஸ் கோடை முடிவில், ஸ்ட்ராபெரி குளிர்காலத்தில். டிசம்பரில் ‘ஆப்பிள் தோட்டம்’ என்று கூட்டிப்போனால் இலையுதிர்ந்த குச்சிகளைத்தான் பார்ப்பீர்கள். விளைந்த காலத்திலும் காஷ்மீர் ஆப்பிள் கணக்கு இல்லை: சிறியது, புளிப்பு தூக்கல். மரத்தில் கைவைக்காமல் பறித்து எடை போட்டுத் தருவார்கள், அதுதான் முறையும். குறிஞ்சியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை, கடைசியாக 2018இல் பூத்தது. அடுத்தது 2030. இடையில் ஏதாவது ஒரு குறிஞ்சி வகை ஒரு சரிவில் பூக்கலாம், அதைக் காட்டி ‘குறிஞ்சி சீசன்’ என்று கட்டணம் ஏற்றினால் விழுந்துவிடாதீர்கள்.

முனியறை பெருங்கற்கால ஈமச்சின்னம், கல்திட்டை வகை. பாறை மேல் நான்கு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு மூடுகல். மேலே ஏறி நிற்கிறவர்களால் ஏற்கெனவே பல சாய்ந்துவிட்டன. காலை ஏழரைக்குள் போனால் வெயில் உறைக்காது, கீழே பாம்பாறு தெரியும். கேரளத்தில் கிழக்கே ஓடுகிற மூன்று ஆறுகளில் ஒன்று அது. இங்கிருந்து இறங்கி அமராவதிக்குப் போய்ச் சேர்கிற தண்ணீர்தான் உடுமலை, தாராபுரம் வயலுக்குப் பாய்கிறது. கோவில்கடவில் தென்காசிநாதர் கோவில் அதே கரையில். இரண்டுக்கும் வழிகாட்டி தேவையில்லை.

ஜீப் சவாரிதான் பேக்கேஜிலேயே விலை கூடிய பகுதி, பலன் குறைந்ததும் அதுவே. ஒரு மலையாளப் படத்தின் பெயரால் அழைக்கப்படும் காட்சிமுனைக்கு ஏறுகிற பாதை குலுக்கி எடுக்கும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம். கூட்டம் கூடும் விடுமுறை நாளில் ஜீப் ஜீப்பாக ஏறி இறங்கக் கிளம்பும் புழுதி, பாதையோரக் கேரட் பாத்தியில்தான் படிகிறது. இரச்சில்பாறை அருவியில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தண்ணீர் நன்றாக விழும், பங்குனியில் பாறைதான்.

தங்குமிடத்தை எடைபோட ஓர் எளிய வழி இருக்கிறது. கேரளச் சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டில் டைமண்ட், கோல்டு, சில்வர் என்று மூன்று தரம். வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடும் அறை ஆறுக்கு மேல் கூடாது. 15 அறை, கொச்சியில் முதலாளி, இங்கே ஒரு மேனேஜர் என்றால் அது ஹோம்ஸ்டே என்ற பலகை மாட்டிய லாட்ஜ். மோசம் என்று சொல்லவில்லை, வெந்நீரும் டிவியும் சரியாக இருக்கும். கிராமத்தை மட்டும் அதற்குள் தேடாதீர்கள். ‘மட்ஹவுஸ்’ கேட்கிறவர்கள் சுவர் உண்மையிலேயே மண்ணா, செங்கல் மேல் செம்மண் பூச்சா என்று பாருங்கள். மண்சுவர் தடிமனாக, முழ அளவுக்கு இருக்கும், ராத்திரிக் குளிரை உள்ளே விடாது. பூச்சுவேலைக்கு அந்தக் குணம் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் காந்தல்லூர் இரவு 10 டிகிரியைத் தொடும். அறைக்கு இரண்டு கம்பளி கேட்டு வாங்குங்கள். வெந்நீர் பல வீடுகளில் விறகு பாய்லரில், காலை ஆறிலிருந்து எட்டு வரைதான். ஆடிக் காற்றில் கரண்ட் போகும், போனால் சீக்கிரம் வராது.

சாப்பாட்டில் பேக்கேஜ்கள் கோட்டைவிடுவது கேம்ப்ஃபயர் பார்பிக்யூவில். உடுமலையிலிருந்து வந்த பிராய்லர் கோழியைக் கடை மசாலாவில் புரட்டிச் சுட்டுத் தருவதற்கு மலை ஏற வேண்டியதில்லை. அதே வீட்டில் மதியம் அவர்களுக்குச் சமைத்த கேழ்வரகுக் களி, அவரை போட்ட குழம்பு, மலைப்பூண்டு வதக்கிய துவையல் இருக்கும். ‘உங்களுக்குச் செய்யறதையே எங்களுக்கும் போடுங்க’ என்று முதல் நாளே சொன்னால் களி கிடைக்கும், காசும் மிச்சம். முதலில் கொஞ்சம் கூச்சப்படுவார்கள், ‘இதையா சாப்பிடப் போறீங்க’ என்று.

முதுவான் பழங்குடியினர் வாழும் குடிகளுக்குக் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் அனுமதி யார் கொடுத்தது என்று கேளுங்கள். குடிகள் காட்டுக்குள் இருக்கின்றன, வனத்துறை அனுமதியும் குடிக்காரர்கள் சம்மதமும் இல்லாமல் போவது தப்பு. காட்டைப் பார்க்க ஆசையென்றால் சின்னாறு சரணாலயத்தில் வனத்துறையே உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டிகளை வைத்து நடைப்பயணம் நடத்துகிறது. தூவானம் அருவிக்கு நடக்கிற பாதை அதில் ஒன்று. நரையணில் பார்க்க வாய்ப்புண்டு. பேக்கேஜ்காரர் மூலம் போவதைவிட அங்கேயே டிக்கெட் எடுப்பது நேரடி வழி, வழிகாட்டிக்கும் கூலி போய்ச் சேரும். முதுவான்கள் காய்ச்சுகிற புல்தைலம் மறையூரில் கிடைக்கும், வாங்கலாம். சந்தனத் துண்டு என்று யாராவது காதோரம் கிசுகிசுத்தால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். அது பெரிய வழக்கு, கார் முதற்கொண்டு பிடித்துவைத்துக்கொள்வார்கள்.

முன்பணம் போடுமுன் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: ஜீப்புக்கு ஆள் கணக்கா, வண்டிக் கணக்கா, இரவுச் சாப்பாடு விலைக்குள்ளா, வெளியிலா, அந்த வாரம் ஆலை ஓடுகிறதா, மழையால் ரத்தானால் பணம் திரும்புமா, தேதி மாறுமா. ‘எல்லாம் சேர்த்துத்தான் சார்’ என்ற பதிலை நம்ப வேண்டாம், கடைசிப் பில்லில் விறகுக்குத் தனிக்காசு வரும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மறையூரில் ஏ.டி.எம். உண்டு, பெட்ரோல் பங்கும் உண்டு, அதற்கு மேலே டவர் போனால் ஜிபேயும் போச்சு.

சொந்தக் காரில் வருகிறவர்கள் கோவில்கடவிலிருந்து மேலே ஏறும்போது சிரமப்பட மாட்டார்கள், இறங்கும்போதுதான் பிரேக்கைக் காய்ச்சிவிடுகிறார்கள். இரண்டாம் கியரில் விட்டு இறங்குங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக்கைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். திரும்பும்போது மறையூரை மாலை நான்கு மணிக்குள் விட்டுவிட வேண்டும். இருட்டினால் சின்னாறு ரோடு யானைக்கு. சாவடியில் தடுத்து நிறுத்தினால் அன்றைக்கு இன்னோர் அறை வாடகை. டிக்கியில் வெல்ல மூட்டை இருந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே ஓட்டுங்கள். சாவடியில் வண்டி நின்றதும் குரங்கு முதலில் மோப்பம் பிடிப்பது அதைத்தான்.